பன்னிரண்டு மணிப் பலகை

கீழ்பென்னாத்தூர்,
4.9.2023

அப்பாவுக்கு,

உங்கள் போனை யாரோ ஒரு சாமியாருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று தெரியாமல் இரண்டு மாதம் அந்த நம்பருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவரும் ‘ஓம்’, ‘ஓம்’ என்று பதில் போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள்தான் என்று நினைத்து கரண்ட் பில் முதல் என் முட்டிவலி வரை எல்லாவற்றையும் எழுதித் தொலைத்தேன். ஆகவே இனிமேல் கடிதம். நேரில் வந்தாலும் நீங்கள் வாய் திறக்கப்போவதில்லை. போன தடவை சிலேட்டில் ‘சாப்பிட்டாயா’ என்று எழுதிக் காட்டினீர்கள். அதைப் படிக்கவா நான் பஸ் பிடித்து ரமணாசிரமம் வரைக்கும் வரவேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஆயுத பூஜை அன்று, அதாவது அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி, கொடிக்காப்பட்டும் நெல்லியானந்தலும் சேர்ந்து உங்களுக்கு ஒரு கல் நடப்போகின்றன. ஏரி மதகுக்குக் கீழே, வாய்க்கால் இரண்டு ஊருக்கும் பிரிகிற இடத்தில். ‘ஐந்தாவது மட்டுமே படித்த விஞ்ஞானி, இரண்டு ஊர்ச் சண்டையைத் தீர்த்துவைத்த தலைவர்’ என்று உங்கள் சரித்திரம் அதில் வெட்டப்படும். எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கணக்கு டீச்சருக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

அதோடு இளைஞர் மன்றத்து வல்லரசு ஒரு யோசனை சொன்னான். பலகைக்குப் பக்கத்தில் முப்பத்தாறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறதே உங்கள் இரும்புப் பெட்டி, அதை அன்றைக்குத் திறந்து கண்ணாடிக் கதவு போட்டுவிடலாம் என்றான். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு வாய்க்கால் பலகையைத் தானாகத் திருப்பி, ஒரு நாள் இந்த ஊர், மறுநாள் அந்த ஊர் என்று தண்ணீர் பங்கிடுகிற எந்திரத்தை என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

ஆனால் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேருமே சுணங்குகிறார்கள். கொடிக்காப்பட்டு முருகவேல் மாமா, “பூட்டு மேலயே மால போட்டுடலாமே பாப்பா” என்கிறார். நெல்லியானந்தல் தசரதன் பெரியப்பா, “தெறந்தா காத்துப் பட்டுக் கெட்டுடும்” என்கிறார். ஒரு காலத்தில் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காதவர்கள், இதில் மட்டும் ஒரே பேச்சு. ஏன் என்று கேட்டால் மென்று முழுங்குகிறார்கள்.

எனக்கு இரண்டு வேண்டும். ஒன்று, உங்கள் வாழ்க்கை விவரம், வருஷத்தோடு. இன்னொன்று, பெட்டிச் சாவி.

தென்றல்

பின்குறிப்பு: அம்மா வைத்த எலுமிச்சை இந்த வருஷம் கொத்துக்கொத்தாகக் காய்த்திருக்கிறது. சொல்ல வேண்டும் போலிருந்தது.


செங்கம் ரோடு, திருவண்ணாமலை,
9.9.2023

அன்பு மகள் தென்றலுக்கு,

சிலேட்டில் இடம் கம்மி. அதனால்தான் ‘சாப்பிட்டாயா’ மட்டும். மற்றதெல்லாம் மனசில் எழுதினேன்.

விவரம் கேட்டாய். 1945-இல் பிறந்தேன். பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்ததால் ஐந்தாவதோடு அனுப்பிவிட்டார்கள். மூன்று திருகாணி மீந்துவிட்டது. எங்கே போகவேண்டிய திருகாணி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு சைக்கிள் கடை. 1971-இல் பழைய சைக்கிளை வைத்துக் கடலைக்காய் உடைக்கிற மிஷின் செய்தேன். பெடலை மிதித்தால் ஒரு பக்கம் பருப்பு, ஒரு பக்கம் தோல். அது நல்ல மிஷின், கல்லில் வெட்டலாம். 1978-இல் தென்னைமரம் ஏறுகிற நாற்காலி. அதில் பக்கத்து வீட்டு அர்ஜுனன் உச்சிக்குப் போய், இறங்க முடியாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். கீழே இருந்து அவன் பெண்டாட்டி என்னைத் திட்டியது மூன்று தெருவுக்குக் கேட்டது. அதை வெட்ட வேண்டாம். கிரிவலப் பாதையில் காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற குழாய், நாலு இடத்தில் வைத்தேன். இப்போது ஒன்றுகூட இல்லை.

1986-இல் சுயேச்சையாக நின்று ஒன்றியத் தலைவர் ஆனேன். தையல் மிஷின் சின்னம். 1996-இல் மறுபடியும். சுடுகாட்டுப் பாதைத் தகராறு, கோயில் தேர் எந்தத் தெருவில் முதலில் திரும்புவது என்கிற தகராறு, இப்படிப் பதினோரு பஞ்சாயத்து போலீஸ் வராமல் முடித்திருக்கிறேன். இது போதும் ஒரு கல்லுக்கு.

மதகைப் பற்றி எழுத வேண்டாம். பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். சாவி தொலைந்துவிட்டது.

மேலே எழுதியது பொய். சாவி என் இடுப்புக் கயிற்றில் இருக்கிறது. தர மாட்டேன். காரணம் கேட்காதே.

எலுமிச்சைக்கு வேரோரத்தில் சாணி எரு போடு.

அப்பா


கீழ்பென்னாத்தூர்,
15.9.2023

அப்பாவுக்கு,

காரணம் கேட்காதே என்று எழுதினால் கேட்காமல் இருக்க நான் என்ன உங்கள் ஒன்றியக் கவுன்சிலரா?

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் ஒரு பையோடு கிளம்பினீர்கள். வெற்றிலை வாங்கத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து ஓர் ஆட்டோக்காரர் வந்து, “சார் ஆசிரமத்தாண்ட ரூம் எடுத்துக்கினாருங்க, பேசறதையும் வுட்டுட்டாரு” என்றார். இரண்டு வருஷம் ஆகிறது. அப்போதும் காரணம் கேட்காதே. இப்போதும் காரணம் கேட்காதே. அம்மா போனது உங்களுக்கு மட்டும் நடந்த காரியமா? எனக்கு ஒரே நாளில் இரண்டு பேரும் போன மாதிரி ஆகிவிட்டது, அப்பா. இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் நினைத்தேன். சிலேட்டைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

எனக்குத் தலை சுற்றுகிறது. கடலைக்காய் மிஷினைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறீர்கள். நாற்காலியில் தோற்றதைக்கூடச் சிரித்துக்கொண்டே எழுதுகிறீர்கள். ஊர் மொத்தமும் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிற ஒரே வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. வேறு யாராவது செய்ததை உங்கள் பெயரில் வைத்துக்கொண்டீர்களா? கேட்கவே நாக்கு கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

போன தை மாதம் பிள்ளைகளை மதகுக்குக் கூட்டிப்போனேன். கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பலகை திரும்பியது. எல்லாரும் கைதட்டினார்கள். கீர்த்தனா என்று ஒரு சுட்டி, “உள்ள பல்சக்கரம் சுத்துதுன்னீங்க, சத்தமே வரலியே மிஸ்” என்றாள். எண்ணெய் போட்டிருப்பார்கள் என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் எனக்கும் புரியவில்லை.

கல் வெட்டுகிறவர் மாதக் கடைசிக்குள் வாசகம் கேட்கிறார். சாவி வரவில்லை என்றால் ஆயுத பூஜை அன்று கேஸ் கட்டர் வைத்துத் திறப்பேன் என்கிறான் வல்லரசு. அவனுக்கு உங்கள் மேல் அவ்வளவு பக்தி. பக்தியைத் தடுக்க எனக்குக் காரணம் வேண்டும்.

தென்றல்


செங்கம் ரோடு,
30.9.2023

தென்றலுக்கு,

நேற்று பௌர்ணமி. ரோடு கொள்ளாமல் ஜனம். கால் வெந்துபோய் நடந்துகொண்டே இருந்தார்கள். ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன். இனி மறைப்பதில்லை என்று முடிவு செய்தேன். நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

1985 தை மாதம் அந்த வாய்க்காலில் இரண்டு பேர் செத்தார்கள். கொடிக்காப்பட்டில் ஒருவன், நெல்லியானந்தலில் ஒருவன். மண்வெட்டியால் வெட்டிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நான் தலைவர் ஆனதும் இரண்டு ஊரையும் ஏரிக்கரையில் உட்கார வைத்தேன். யார் பங்கு பிரித்தாலும் அடுத்த ஊர் நம்பாது. அதனால், “மனுஷன் கை படாத மிஷின் ஒண்ணு பிரிக்கும், ஒத்துக்கறீங்களா?” என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

மிஷின் நானே செய்தது. வேறு யாருடையதும் இல்லை. வாய்க்கால் தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றும், அது சைக்கிள் செயினை இழுக்கும், செயின் உன் அம்மாவின் தையல் மிஷின் சக்கரத்தைத் திருப்பும், அது பலகையை நகர்த்தும். 1987 தை மாதம் பொருத்தினேன். அழகாக ஓடியது.

நாற்பத்து மூன்று நாள் ஓடியது.

பிறகு மணல் ஏறிப் பல் தேய்ந்துவிட்டது. நான் மூன்று தடவை உள்ளே புகுந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். பலகை நின்றுவிட்டது என்று தெரிந்தால் மறுபடியும் மண்வெட்டி எடுப்பார்கள். என்ன செய்வேன்? ஏரிக் காவலுக்கு இருந்த சடையன் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். அவன்தான் ஓர் இரும்புக் கம்பியைப் பலகையில் மாட்டி, மண்ணுக்கடியில் நாணல் புதர் வரை கொண்டுபோனான். புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பகல் பன்னிரண்டு மணிக்கு இழுத்தான். அடுத்த நாளும் இழுத்தான். கிட்டே யாரும் வரக்கூடாது என்று நான் வேலி போட்டேன். எத்தனை நாளைக்கு இந்த ஏமாற்று என்று கேட்டேன். “தேரு தானாவா ஓடுது? ஆளுங்கதான் இழுக்கறாங்க. பேரு சாமிக்கு. வுடுங்க தலைவரே” என்றான். இருபத்திரண்டு வருஷம், தண்ணீர் ஓடிய நாளெல்லாம் இழுத்தான். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

2009 தை மாதம் சடையன் செத்துப்போனான். அவன் பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் இரண்டு ஊரையும் கூட்டி உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். வழியில் மதகைப் பார்த்தேன். பன்னிரண்டு மணி. பலகை திரும்பியது.

தென்றல், அன்றிலிருந்து பதினாலு வருஷமாக எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் திருப்புகிறார்கள்? செத்த மிஷின் தானாக உயிர் பெறாது. சடையன் ஆவி என்று ஒரு மெக்கானிக் சொல்லக் கூடாது. சாமி என்றும் சொல்லக் கூடாது. நாணலுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்திருக்கலாம். தைரியம் வரவில்லை. பார்த்தால் இருப்பதும் நின்றுவிடுமோ என்று பயம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் போய்ப் பூட்டின் மேல் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, திறக்காமல் திரும்பிவிடுவேன்.

உன் அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ரேணுகாம்பாள் போயே விட்டாள். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் இதைத்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல முடியவில்லை. அதனால் எதையும் பேசவில்லை. மௌன விரதம் என்று ஜனங்கள் என்னைக் கும்பிடுகிறார்கள். அது வேறு கூச்சம்.

சாவியைத் துணியில் தைத்து இதோடு அனுப்புகிறேன். நீ மட்டும் தனியாகப் போய்த் திறந்து பார். மறுபடியும் பூட்டிவிட்டு, ஏதாவது சாக்குச் சொல்லி விழாவை நிறுத்து. இரண்டு ஊரும் அடித்துக்கொண்டால் அந்தக் கல் என் தலையில் விழட்டும், அவர்கள் தலையில் விழக் கூடாது.

அப்பா


கீழ்பென்னாத்தூர்,
10.10.2023

அப்பாவுக்கு,

சாவி பொருந்தவில்லை.

சனிக்கிழமை காலையில் தனியாகத்தான் போனேன். உங்கள் கடிதத்தை மூன்று நாளாகப் படித்துப் படித்து, நீங்கள் ஏமாற்றுக்காரரா, நல்லவரா, பைத்தியமா என்று ஒரு விடைக்கும் வர முடியாமல் போனேன். வேலியைத் தாண்டி, சாவியைப் போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புகிறேன், அசையவே இல்லை. துருவாக இருக்கும் என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். அப்போது பின்னால் ஒரு குரல்.

“அத்தப் போட்டுத் திருகாத பாப்பா, சாவி ஒடைஞ்சிடும். அது வேற பூட்டு.”

முருகவேல் மாமா. கரைமேல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவர் இடுப்புக் கயிற்றிலும் ஒரு சாவி இருந்தது! அதை வைத்துக்கொண்டு திறக்கவில்லை. “தனியா தெறக்கறது இல்ல. தசரதனும் வரணும்” என்று போன் போட்டார். பத்து நிமிஷத்தில் பெரியப்பா வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், “தெரிஞ்சிபோச்சா?” என்றார். யாருக்கு, எது தெரிந்துபோனது என்று எனக்கே விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

திறந்தார்கள். உள்ளே துருப்பிடித்த செயின், அம்மாவின் தையல் மிஷின் சக்கரம், மூலையில் ஒரு குளவிக் கூடு. அடியில் எலுமிச்சம்பழங்கள். காய்ந்து, கறுத்து, கல்லாய்ப்போனவை. மேலே இருந்த இரண்டு மட்டும் இன்னும் பழுப்பாக இருந்தன.

அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“சடையன் செத்த மூணு நாளா எங்க ஊருக்குத் தண்ணியே வரல” என்றார் முருகவேல் மாமா. “நெல்லியானந்தலான் வேலதான்னு கடப்பாரையோட வந்துட்டோம். அவங்களும் வந்துட்டாங்க. பூட்ட ஒடைச்சிப் பாத்தா உள்ள ஒண்ணுமே ஓடல, எல்லாம் துரு. நாணலாண்ட போய்ப் பாத்தா, சடையன் ஒக்காந்து ஒக்காந்து தேஞ்ச கல்லு கெடக்குது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.”

“எனக்கு ஒண்ணும் சிரிப்பு வரல” என்றார் பெரியப்பா. “கோவந்தான் ஜாஸ்தி. இருவத்திரண்டு வருசமா ஏமாத்தியிருக்காரேன்னு அப்பவே உங்க வூட்டுக்குக் கெளம்பிட்டேன். உங்கப்பா இல்ல. உங்கம்மாதான் இருந்தாங்க. சொன்னேன். ‘தெரியும்’னாங்க. ‘என் மிஷின் சக்கரத்தக் கழட்டிக்கினு போன மனுசன் தூங்காம பொரள்றது எனக்குத் தெரியாதா? அவரே வந்து சொல்லுவாருன்னு பாக்கறேன். சொல்ற வரைக்கும் நீங்களும் சொல்லாதீங்க’ன்னாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க. ‘இந்த இருவத்திரண்டு வருசத்துல தண்ணிக்காக யாராச்சும் செத்தாங்களா?’ன்னு. ‘இல்லீங்க’ன்னேன்.”

அம்மா மரத்திலிருந்து இரண்டு பழம் பறித்துக் கொடுத்து, ஊருக்கு ஒன்றாகப் பெட்டியில் வைக்கச் சொன்னாராம். அன்றைக்கே, உங்களுக்குத் தெரியக் கூடாதென்று பழையது மாதிரியே ஒரு புதுப் பூட்டு, ஊருக்கொரு சாவி. அதன் பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும், நீங்கள் சந்தனம் வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு, இரண்டு பேரும் வந்து திறந்து பழம் வைக்கிறார்கள். அம்மா போன பிறகு இரண்டு வருஷமும் பெரியப்பா என்னிடம்தான் வந்து பழம் வாங்கிப்போனார். வண்டிக்கு வைக்க என்று நினைத்துக் கொடுத்தேன். எனக்கே தெரியாமல் என்னையும் கூட்டு சேர்த்திருக்கிறார்கள்.

சரி, பலகையை யார் திருப்புகிறார்கள் என்று கேட்டேன். அதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறதாம். இன்றைக்கு எந்த ஊருக்குத் தண்ணீர் பாய்கிறதோ, அந்த ஊர் ஆள்தான் பன்னிரண்டு மணிக்கு வந்து அடுத்த ஊருக்குத் திருப்ப வேண்டும். “வாங்கறதுக்கு எவன் வேணா ஓடியாருவான். குடுக்கறதுக்கு வரணும், அதான் பேச்சு” என்றார் முருகவேல் மாமா. ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் அடுத்த முறை அந்த ஊருக்கு ஒரு மணி நேரம் கம்மி. பதினாலு வருஷத்தில் நாலு தடவைதான் தாமதமாம். சடையன் உட்கார்ந்த அதே கல்லில்தான் உட்காருகிறார்கள்.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?” என்றேன்.

“ஊருக்கே தெரியும். சின்னப் பசங்களுக்கும் உனக்கும் உங்கப்பாவுக்கும்தான் தெரியாது. அய்யா மனசு கஷ்டப்படும்னு சொல்லல.”

கரையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் சிரித்தேன். அம்மா மேல் கோபமா, உங்கள் மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர் இருந்தோம், ஒருத்தர் மனசு கோணக் கூடாது என்று ஒருத்தர் மறைத்தே காலத்தைத் தள்ளியிருக்கிறோம்.

வல்லரசைப் பேசிச் சமாளித்துவிடலாம். பெட்டி பூட்டியே இருக்கட்டும், கல்லில் பழைய வாசகமே இருக்கட்டும், அய்யா பேர் கெடக் கூடாது என்கிறார்கள் இரண்டு பேரும். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. கல் வெட்டுகிறவரைப் பத்தொன்பதாம் தேதி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பெயர், உங்கள் கல். நீங்கள் சொல்லுங்கள்.

தென்றல்


செங்கம் ரோடு,
17.10.2023

தென்றலுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து அறை வெள்ளைக்காரர் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று நினைத்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார்.

‘அவரே வந்து சொல்லுவாரு’ என்று காத்திருந்தாளாமே. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டே காத்திருந்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இனி யாரிடம் போய்ச் சொல்வேன்? உன்னிடமும் அப்படியே செய்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதுவது சுலபம். வந்து சொல்கிறேன்.

பெட்டியைத் திறக்கட்டும். வல்லரசின் கண்ணாடிக் கதவையே போடட்டும். துரு, குளவிக் கூடு, எலுமிச்சம்பழம், எதையும் துடைக்க வேண்டாம். அந்தப் பெண் கீர்த்தனாவை முன்னால் நிறுத்து. சத்தம் வரவில்லை என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

கல்லில் வெட்ட வேண்டியது இவ்வளவுதான், வேறு சரித்திரம் வேண்டாம்:

‘இந்தப் பலகை தானாகத் திரும்புவதில்லை. எந்திரம் ஓடியது நாற்பத்து மூன்று நாள். செய்தவர் சகாதேவன். பிறகு இருபத்திரண்டு வருஷம் சடையன் திருப்பினார். இப்போது கொடிக்காப்பட்டும் நெல்லியானந்தலும் திருப்புகின்றன.’

என் பெயருக்கும் சடையன் பெயருக்கும் எழுத்து ஒரே அளவு இருக்க வேண்டும். பேர் கெட்டால் கெடட்டும் என்று முருகவேலிடமும் தசரதனிடமும் சொல். வேண்டாம், நானே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டிக்கெட் வாங்க வாயைத் திறந்தாக வேண்டும், கண்டக்டரிடம் சிலேட்டை நீட்ட முடியாது. அதனால் கதவைச் சாத்திவிட்டு, “கீழ்பென்னாத்தூர் ஒண்ணு” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். குரல் தேய்ந்த செயின் மாதிரிக் கரகரத்தது. ஆனாலும் வந்தது.

இந்த வருஷம் மரத்தில் மூன்று பழமாகப் பறித்து வை. மூன்றாவதை நான் வைக்கிறேன்.

அப்பா